சர்க்கரை இல்லாத வீடு

சபாபதியின் கையிலிருந்து ஊடுநூல் ஓட்டும் நாடா நழுவித் தறிக்குழிக்குள் விழுந்தது.

அவர் குனிந்து எடுக்கவில்லை. தறியில் இழுத்துக் கட்டிய பாவின் மேல் கையை ஊன்றி, எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நெற்றி வேர்வை சொட்டுச் சொட்டாகப் பட்டில் விழுந்தது.

பட்டின் மேல் யாரையும் ஈரக்கை வைக்க விடாத மனிதர்.

அடுப்படியிலிருந்து வந்த தில்லையம்மாள் கணவரைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். "இன்னாங்க, ஏன் இப்டி வேர்க்குது?"

அவர் ஏதோ சொன்னார். நாக்கு குழறியது. குடித்தவர் பேச்சுப் போல இருந்தது.

"சர்க்கரை ஏறிப்போச்சு," என்று அவள் உள்ளே ஓடினாள்.

டாக்டர் அந்த வியாதியின் பெயரைச் சொன்ன நாளிலிருந்து அவளுக்குச் சர்க்கரைதான் எதிரி. ரேஷனில் வருவதை வாசலோடு பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிடுவாள். வெல்லப்பானையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டாள். விடிந்ததும் சபாபதி கம்பவுண்டர் சாமுவேல் வீட்டுக்குப் போய் இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டு வருவார். வந்ததும் வெந்தய நீர், மத்தியானம் கேழ்வரகுக் களி, ராத்திரி கோதுமைக் கஞ்சி.

இப்போது பாகற்காய்ச் சாற்றை டம்ளர் நிறைய ஊற்றிக்கொண்டு வந்தாள்.

அதற்குள் மருமகள் ஏலவார்குழலி தறிக்குழியில் இறங்கியிருந்தாள். மாகறலிலிருந்து கல்யாணமாகி வந்து இன்னும் தலை ஆடிகூட வரவில்லை. மாமனார் எதிரில் நின்று பேசாத பெண். அவரைத் தன் தோளில் சாய்த்துப் பிடித்திருந்தாள்.

"அத்தை, அது வேணாம். ஊசி போட்டுக்கினு வந்து மாமா இன்னாவது சாப்ட்டாரா?"

"இன்னிக்குக் கிருத்திகைடி. விளக்கு வெச்சுதான் சாப்புடுவாரு. நகரு."

டம்ளர் அவர் உதட்டருகே வந்தது. குழலி புறங்கையால் தட்டிவிட்டாள். பச்சைச் சாறு தரையெல்லாம் சிதறியது.

இடுப்பு மடிப்பிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து, பல்லால் பிரித்தாள். விரலில் தொட்டு, மாமனாரின் கன்னத்துக்குள் விட்டுத் தேய்த்தாள்.

சர்க்கரை.

"அவரக் கொல்லப் பாக்குறியாடி?" தில்லையம்மாள் அவள் கொண்டையைப் பிடித்து இழுத்தாள்.

குழலியின் தலை பின்னால் சாய்ந்தது. கை மட்டும் நகரவில்லை. மறுபடி தொட்டாள். மறுபடி தேய்த்தாள்.

சபாபதியின் கண்கள் மேலே செருகின. பிள்ளையார்பாளையத்துத் தெரு முழுக்கத் தறிச் சத்தம். கத்தினாலும் யார் காதிலும் விழாது.

பிறகு அவர் தொண்டை அசைந்தது. விழுங்கினார்.

இன்னொரு முறை விழுங்கினார். கண்ணைத் திறந்து, மருமகளின் முடியைப் பிடித்திருந்த கையைப் பார்த்தார்.

"அவள விடு," என்றார்.

குழலி மிச்சச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தாள்.

அவர் குடித்து முடித்த பிறகுதான் தில்லையம்மாள் கேட்டாள். "வீட்ல பொட்டு சர்க்கரை கெடையாது. உன் மடியில ஏது?"

குழலி தலையைக் குனிந்துகொண்டாள். காலிக் காகிதத்தைக் கைக்குள் சுருட்டி மறைத்தாள்.

"நான்தான் வாங்கியாரச் சொன்னேன்," என்றார் சபாபதி. "உனக்குத் தெரியாம வாயில போட்டுக்க."

இந்த வயசில் இப்படி ஒரு நாக்கா, அதற்கு மருமகளையும் கூட்டுச் சேர்ப்பதா என்று தில்லையம்மாள் திட்டித் தீர்த்தாள். திட்டி ஓய்ந்து, அழுது, மூக்கைச் சிந்திவிட்டுக் களி கிண்டப் போனாள்.

ஊசிக்குப் பிறகு சாப்பிடாவிட்டால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும், அதனால் ஊசி போட்டுக்கொள்கிறவர்கள் எந்நேரமும் கொஞ்சம் சர்க்கரையை மடியில் வைத்திருக்க வேண்டும் என்று கம்பவுண்டர் அவரிடமும் சொல்லியிருந்தார். தில்லையம்மாளுக்குப் பயந்து அவர் வைத்துக்கொள்ளவில்லை.

பாவின் மேலிருந்த வேர்வையை ஒற்றியெடுத்தபடி, நிமிராமல் கேட்டார்.

"உனக்கு எப்பலேர்ந்துமா?"

"பெரிய மனுஷி ஆவறதுக்கு முன்னாடிலேர்ந்து, மாமா. பூ வாங்கப் போறேன்னு சொல்லிட்டு, தினம் ஆஸ்பத்திரில ஊசி போட்டுக்கினு வரேன். உங்க புள்ளைக்குக்கூடத் தெரியாது."

அவர் அடுப்படிப் பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டார்.

மறுநாள் விடியலில் சாமுவேல் வீட்டுக்குக் கிளம்பும்போது, கொஞ்ச நாளாகவே கண் மங்கலாகத் தெரிகிறது, இனிமேல் தினமும் துணைக்கு மருமகள் வரட்டும் என்றார் சபாபதி.

தில்லையம்மாள் பதறிப்போய்விட்டாள். "மாமா கையப் புடிச்சிப் பாத்து இட்டுக்கினு போமா," என்றாள்.