அரசியின் கடைசி வசனம்

“கடைசி வசனத்த மாத்திட்டேன் அக்கா,” என்றார் சுந்தரலிங்கம். “‘இவன் என் மகன் இல்லை’ன்னு சொல்ல வேணாம். ‘இவன்தான் என் மகன்’னு சொல்லிடுங்க.”

கிரீடத்தைத் தலையில் பொருத்திக்கொண்டிருந்த அன்னலட்சுமியின் கை நின்றுவிட்டது. இதுவென்ன கூத்து, நாடகம் தொடங்கக் கொஞ்ச நேரம் இருக்கும்போது?

“ஏன் தம்பி?”

“சனம் அழுதுகிட்டே வீட்டுக்குப் போறது எனக்குப் பிடிக்கல.”

“நாடகத்துக்குத்தானே?”

“நாடகத்துக்குத்தான்,” என்றார் சுந்தரலிங்கம். அன்னலட்சுமியின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

சுந்தரலிங்கம் கண்டி மாநகர சபையில் கிளார்க். மாலையில் நாடக ஆசிரியர், இயக்குநர், டிக்கெட் விற்பவர் எல்லாம் அவரே. கண்டி அரண்மனையிலிருந்து குழந்தையாகக் காணாமல் போன ஓர் இளவரசன். பல வருஷம் கழித்து, ‘நான்தான் அவன்’ என்று சிம்மாசனம் கேட்டு வரும் வாலிபன். மந்திரிகளுக்குப் பயந்து, பெற்ற மகனையே இல்லையென்று மறுக்கும் தாய். இதுதான் அவருடைய நாடகம். அப்படியொரு இளவரசன் சரித்திரத்திலேயே இல்லையே என்று யாராவது கேட்டால், சரித்திரம் எழுதியவன் விட்டதை நான் எழுதுகிறேன் என்பார். அவரோடு பேசி ஜெயிக்க முடியுமா?

அரசி வேடத்துக்கு அன்னலட்சுமியை விட்டால் ஆளில்லை. கல்யாணம் கட்டாத மனுஷி. இருபது வயதிலிருந்து மேடைதான் வாழ்க்கை.

ஒத்திகை ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. போன வாரம் மார்ட்டின் வந்து சேர்ந்தார், எல்லாம் தலைகீழாகிவிட்டது.

மார்ட்டினுக்கு நாற்பது வயதிருக்கும். நிறமும் முகமும் நம்ம ஆள். பேச்சு மட்டும் ஒல்லாந்துப் பேச்சு. கைக்குழந்தையாக இங்கிருந்து ஒல்லாந்து நாட்டுக்குத் தத்துக் கொடுக்கப்பட்டவர். பெற்றவளைத் தேடி வந்திருந்தார். கையில், தத்துக் கொடுத்த அன்று எடுத்த ஒரு பழைய போட்டோ. கோர்ட்டு வாசலில் இளம்பெண் ஒருத்தி குழந்தையை அணைத்துக்கொண்டு நிற்கிறாள். அன்னலட்சுமியின் அதே மூக்கு, நாடியில் அதே மச்சம். விசாரித்து விசாரித்து ஒத்திகை நடக்கும் இடத்துக்கே வந்துவிட்டார்.

அன்னலட்சுமி போட்டோவை வாங்கிப் பார்த்தார். உடனே திருப்பிக் கொடுத்தார்.

“படத்துல இருக்கிறது நான்தான். ஆனா இவர நான் பெக்கல,” என்றார்.

எச்சில் எடுத்துப் பரிசோதித்துப் பார்ப்போமே என்று சுந்தரலிங்கம் எவ்வளவோ கெஞ்சினார். அதற்கும் ஏலாது என்றுவிட்டார். கடைசியில் ஒன்று மட்டும் சொன்னார்: புசல்லாவைப் பக்கம் தேயிலைத் தோட்டங்களில் போய்க் கேட்டுப் பார்க்கட்டும்.

நாடகக் குழு கொதித்துப் போனது. ஊர் வாய்க்குப் பயந்து, தேடி வந்த பிள்ளையை எங்கேயோ தள்ளிவிடுகிறாரே, இவரும் ஒரு பொம்பளையா என்று முதுகுக்குப் பின்னால் பேசினார்கள். மார்ட்டின் மட்டும் கோபப்படவில்லை. நாடகம் முடிந்த மறுநாள் புசல்லாவைக்குப் போக வேன் பேசி வைத்தார்.

நாடகம் தொடங்கியது. கோயில் மண்டபத்தில் நிற்கக்கூட இடமில்லை. முன் வரிசைக் கதிரையில் மார்ட்டின் உட்கார்ந்திருந்தார். கடைசிக் காட்சியில், வாலிபனாக நடித்த ஜனகன் அரசியின் முன் மண்டியிட்டான்.

“தாயே, நான் யார்? உங்கள் வாயால் சொல்லுங்கள்.”

எத்தனையோ மேடை பார்த்த அன்னலட்சுமி, அன்றைக்கு ஜனகனைப் பார்க்க முடியாமல் சபையைப் பார்த்தார். மார்ட்டினின் கண் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

“இவன்தான் என் மகன்.”

கைதட்டலில் மண்டபம் அதிர்ந்தது. திரை விழுந்ததுதான் தாமதம், மார்ட்டின் வேஷம் கட்டும் அறைக்குள் ஓடி வந்து அன்னலட்சுமியின் காலைப் பிடித்துக்கொண்டார். “அம்மா, அம்மா” என்று விம்மினார். தமிழில் அவருக்குத் தெரிந்தது அந்த ஒரு சொல்தான். அன்னலட்சுமி என்ன செய்வதென்று தெரியாமல் அவர் தலையைத் தொட்டார். கொஞ்ச நேரத்தில் மார்ட்டின் எழுந்து, கண்ணைத் துடைத்தபடி, ஒல்லாந்திலிருக்கும் மனைவிக்குச் செய்தி சொல்ல வெளியே போனார்.

சுந்தரலிங்கத்தின் கண்ணும் கலங்கியிருந்தது.

“கோவிச்சுக்காதீங்க அக்கா. நேர்ல சொல்ல உங்களுக்குக் கூச்சம்னும், மேடையில கடைசியா சொல்றது அவருக்குச் சொல்றதுதான்னும் அவருகிட்ட முன்னாடியே சொல்லி வச்சேன்.”

அன்னலட்சுமி கதிரையைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார்.

“நாளைக்குப் புசல்லாவைக்குப் போறாருல்ல?”

“இனி எதுக்கு? வேன வேணாம்னுட்டாரு. தாய் கெடச்ச பிறகு தோட்டம் தோட்டமா அலையணுமா?”

அன்னலட்சுமிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. சுந்தரலிங்கம் அதைச் சந்தோஷம் என்றே நினைத்தார். இத்தனை வருஷப் பாரம் இறங்கிவிட்டது, பெற்ற மனசு எத்தனை நாளைக்குப் பொய் சொல்லும் என்று ஆறுதல் சொல்லிக்கொண்டே போனார்.

“பெத்தவ புசல்லாவையில பிள்ளையக் குடுக்க மாட்டேன்னு அழுதா தம்பி,” என்றார் அன்னலட்சுமி. “அதனாலதான் அவளுக்குப் பதிலா நடிக்கத் தெரிஞ்ச ஒருத்தி வேணும்னு என்னையக் கோர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போனாங்க, அன்னிக்கும் இதே வசனத்தத்தான் சொன்னேன்.”