நன்மை வாங்காத மனுஷன்

“அப்படி என்னதாங்க பாவம் பண்ணித் தொலைச்சீங்க? கட்டுன பொண்டாட்டிக்கிட்டயாவது சொல்லக் கூடாதா?”

மதலேன் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள். மகளின் வெள்ளை ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்த அந்துவான் தலை நிமிரவில்லை.

“சொல்ற மாதிரி இருந்தா சொல்ல மாட்டேனா?”

விடிந்தால் மகள் ஓவியாவுக்குப் புதுநன்மை. முதன்முதலாக நற்கருணை அப்பம் வாங்கும் பிள்ளையை அம்மா ஒரு பக்கமும் அப்பா ஒரு பக்கமுமாகப் பீடத்துக்குக் கூட்டிப்போய், மூவருமாகச் சேர்ந்து நன்மை வாங்க வேண்டும். அதுதான் அந்தப் பங்குக் கோயிலில் வழக்கம்.

ஆனால் இந்த மனுஷன் மாதக்கணக்காக நன்மை வாங்குவதில்லை. ஞாயிறு தவறாமல் கோயிலுக்கு வருவான். பாட்டெல்லாம் பாடுவான். எல்லோரும் வரிசையில் போகும்போது மட்டும் ஒட்டவைத்ததுபோல் பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பான். கிறிஸ்துமஸ் பூசையில்தான் அது மதலேன் கண்ணில் பட்டது.

பெரிய பாவம் செய்தவன்தானே அப்படி உட்காருவான்?

அன்றிலிருந்து அவள் துப்பறியும் வேலையில் இறங்கினாள். மூலைக்கு மூலை பிராந்திக்கடை இருக்கிற ஊர் காரைக்கால். சட்டையை மோந்து பார்த்தாள். வெறும் வியர்வை. போனை நோண்டினாள். ஆபீஸ் குரூப்பில் குட்மார்னிங் படங்கள்.

இன்றைக்குச் சாயங்காலம்தான் பெற்றோரெல்லாம் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனம் நடந்தது. அந்துவானும் போய் முழங்காலிட்டு எழுந்து வந்தான். மதலேனுக்கு ‘அப்பாடா’ என்றிருந்தது.

“அப்ப நாளைக்கு நன்மை வாங்குவீங்கல்ல?”

“பாப்போம்.”

சாமியார் மன்னித்த பிறகும் தீராத பாவமா?

மதலேனின் பாவசங்கீர்த்தனம் சட்டென்று முடிந்துவிட்டது. ஆத்தும சோதனை செய்து பார்த்ததில் பெரிதாக ஒன்றும் தேறவில்லை. தவக்காலத்தில் மறந்துபோய்க் கறி தின்றது, அவ்வளவுதான்.

ஓரகத்தி ஜெசிந்தாவோடு பேசாமல் இருப்பதை அவள் பாவத்தில் சேர்க்கவில்லை. அது ரோஷம்.

விஷயம் இதுதான். அக்டோபரில் மாதா சுரூபம் வீடு வீடாக ஜெபமாலைக்குப் போகும். மதலேன் சுண்டல் அவித்து, தெருவையே கூப்பிட்டுவிட்டுக் காத்திருக்க, ஜெசிந்தாவோ “எங்கம்மா ஊர்லேருந்து வாராங்க” என்று மாதாவை இன்னொரு நாள் தன் வீட்டிலேயே நிறுத்திக்கொண்டாள். மதலேன் நடுத்தெருவில் நின்று கத்தினாள். ஜெசிந்தாவும் சளைக்கவில்லை. அன்றோடு பேச்சு நின்றது. ஜெசிந்தாவின் மகனுக்கும் நாளைக்குத்தான் புதுநன்மை என்பது கூட மதலேனுக்கு அடுத்தவர் சொல்லித்தான் தெரியும்.

காலையில் கோயிலுக்குக் கிளம்பும்போதும் கெஞ்சிப் பார்த்தாள்.

“இன்னிக்கு ஒரு நாளாச்சும் எழுந்து வாங்க. புள்ள மொகத்துக்காக.”

அந்துவான் மகளின் தலையில் முக்காட்டைச் சரிசெய்தான்.

கோயில் நிரம்பி வழிந்தது. வெள்ளை உடுப்பில் ஓவியா மெழுகுவர்த்தியும் கையுமாகப் பூரித்துப்போய் இருந்தாள். மதலேனுக்கு மட்டும் பூசையில் ஒரு வார்த்தை காதில் ஏறவில்லை. அத்தனை பேர் முன்னாலும் பிள்ளை அப்பா இல்லாமல் நடக்கப்போகிறதே என்ற நினைப்புதான்.

“ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக்கொள்ளுங்கள்” என்றார் சாமியார்.

முன்னே பின்னே கும்பிட்டுவிட்டு மதலேன் பக்கவாட்டில் திரும்பினாள். நடுவழிக்கு அந்தப் பக்கம் ஜெசிந்தா. அவள் யாருக்கும் சமாதானம் சொல்லவில்லை. தன் புருஷன் செலஸ்தீனின் சட்டைக்கையைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

“புள்ள மொகத்துக்காகவாவது எழுந்து வாங்களேன்.”

செலஸ்தீன் அந்துவானின் தம்பி. அவனும் நன்மை வாங்குவதில்லை என்பது மதலேனுக்கு முன்பே தெரியும். ‘அந்த வீட்லயும் ஏதோ புகையுது’ என்று உள்ளூரச் சந்தோஷப்பட்டும் இருக்கிறாள்.

இப்போது சுருக்கென்றது. இவள் அழுவதிலா நான் சந்தோஷப்பட்டேன்? புருஷனுடைய பாவத்தை அத்தனை மாதம் தேடினேனே, என்னுடையதை ஒரு நிமிஷம் உட்கார்ந்து தேடினேனா?

ரோஷமாவது ஒன்றாவது! மதலேன் விடுவிடுவென்று நடுவழியைத் தாண்டிப்போய் ஜெசிந்தாவின் கையைப் பிடித்தாள்.

“அழாதடி. எங்க வீட்லயும் இதே கதைதான். வா, நாம ரெண்டு பேருமா புள்ளைங்களக் கூட்டிட்டுப் போவோம்.”

“அக்கா…” ஜெசிந்தா அவள் தோளில் சாய்ந்து விம்மினாள். “அன்னிக்கு என் மேலதாங்க்கா தப்பு.”

“நடுத்தெருவுல கத்துனது யாரு? நாந்தானே. மன்னிச்சுக்க.”

பாட்டு தொடங்கியது. பிள்ளைகளை அழைத்துக்கொண்டு இருவரும் நகர்ந்தபோது, பின்னால் பெஞ்சு கிறீச்சிட்டது. அந்துவான் எழுந்துகொண்டிருந்தான். எதிர்ப்பக்கம் செலஸ்தீனும்.

ஆறு பேரும் சேர்ந்தாற்போல் பீடத்தை நோக்கி நடந்தார்கள். கோயிலே திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும் என்று மதலேன் தலை நிமிர்ந்து நடந்தாள். சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது. ஆனாலும் வாய் சும்மா இருக்குமா?

“இப்பவாச்சும் சொல்லுங்க” என்று புருஷன் காதில் கிசுகிசுத்தாள். “அண்ணனும் தம்பியுமா சேர்ந்து அப்படி என்ன பாவம் பண்ணுனீங்க?”

அந்துவான் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தான்.

“நாங்க ஒண்ணும் பண்ணல மதலேன். நீங்க ரெண்டு பேரும் மொகத்தத் திருப்பிக்கிட்டே வாராவாரம் போயி நன்மை வாங்குனீங்க. உங்க மனசு மாறட்டும்னுதான் நாங்க ரெண்டு பேரும் அது இல்லாம பட்டினி கெடந்தோம்.”