கறுப்புப் பொத்தான்

மேஜையில் சாக்பீஸால் போட்ட ஒன்பது கட்டங்களின் நடுவே ஒரு கறுப்புச் சட்டைப் பொத்தான் கிடந்தது. அதுதான் கரடன்; பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டில் வெண்ணிலா ஏற்றிருந்த வழிப்பறிக்காரன் பாத்திரம். ஊருக்குள் படை நுழையாமலிருக்க அவன் தொங்குபாலத்தின் கயிற்றை அறுத்துவிட்டான். படைக்கு முன்னால் அவனுடைய கூட்டாளிகள் மூவரும் பாலத்தில் ஓடிவந்துகொண்டிருந்தார்கள். அவர்களாக ஆடிய மூன்று பேரும் இப்போது மேஜையைச் சுற்றி இருந்தார்கள். மேல்வரிசை நல்லவர்களுக்கு, கீழ்வரிசை கெட்டவர்களுக்கு, நடுவரிசை இரண்டுங்கெட்டான்களுக்கு. இடப்பக்கம் சட்டத்துக்கு அடங்கியவன், வலப்பக்கம் அடங்காதவன். ஒருவனை எந்தக் கட்டத்தில் வைப்பது என்பதை அவனால் செத்தவர்கள்தான் முடிவு செய்ய வேண்டும். அது இந்தக் குழுவின் வழக்கம்.

"ஊரே பொழச்சுதுல்ல? நல்லவன்தான்." ரிஸ்வான் பொத்தானை மேலே தள்ளினான்.

"எங்கள சாகடிச்சுட்டு என்னடா நல்லவன்?" ஜெசிந்தா அதைக் கீழே இழுத்தாள்.

பொற்செழியன் பொத்தானைத் தொடவில்லை. "அறுக்கறப்போ திரும்பிப் பாத்தானா?" என்று கேட்டான்.

கரடனுக்காக வெண்ணிலாதான் பதில் சொல்ல வேண்டும். "பாத்தான்," என்றாள்.

"பாத்துக்கிட்டேவா அறுத்தான்? பாவி!" ரிஸ்வானின் விரல் பொத்தானைக் கீழே இறக்கப் பார்த்தது.

"பாத்தானா? அப்ப அவனுக்கும் வலிச்சிருக்கும்." ஜெசிந்தாவின் விரல் அதை மேலே ஏற்றப் பார்த்தது.

"எங்க மூணு பேர்ல யாரப் பாத்தான்?" என்றான் பொற்செழியன்.

பொத்தானின் மேலிருந்த விரல்கள் நின்றன. மூன்று பேரும் நிமிர்ந்தார்கள். வெண்ணிலா பகடையைத் தேடுகிறவள்போல மேஜைக்கு அடியில் குனிந்தாள். பகடை அவள் கைக்குள்தான் இருந்தது.