காத்திருப்பு அறைக் கேள்விகள்

“வலப்பக்கத்துலேர்ந்து ஒரு கப்பல் குறுக்கே வருது. யாரு விலகணும், தம்பி?”

நிருபன் இன்னும் நாற்காலியில் சரியாக உட்காரக்கூட இல்லை. கேட்டவருக்கு ஐம்பது வயதிருக்கும். வெள்ளைச் சட்டை, கறுப்பு டை, மூக்கு நுனியில் கண்ணாடி, மடியில் தடித்த கோப்பு.

கூடப் படித்த சதீசன் நேற்றே போனில் எச்சரித்திருந்தான். “உள்ள போனப்புறம்தான் டெஸ்டுன்னு நெனைச்சிடாதே லா. அந்தக் கம்பெனியில வெளியில உட்கார வெச்சே ஆளை எடை போடுவாங்க.”

நிருபன் முதுகை நிமிர்த்தினான். சரக்குக் கப்பலில் மூன்றாம் அதிகாரி வேலை. கிடைத்தால் அடுத்த வாரமே கடல். கிடைக்காவிட்டால் ஜெலுத்தோங்கில் சித்தப்பாவின் டயர் கடை.

“நான்தான் சார் விலகணும். வலப்பக்கம் திருப்பி, அதுக்குப் பின்பக்கமா போகணும். முன்னால குறுக்கே போகக் கூடாது.”

“மோதுமா மோதாதான்னு எப்படித் தெரியும்?”

“காம்பஸ்ல அது எந்தத் திசையில இருக்குன்னு பார்த்துக்கிட்டே இருக்கணும் சார். திசை மாறாம கிட்ட வந்துக்கிட்டே இருந்தா, மோதப் போகுதுன்னு அர்த்தம்.”

“கொஞ்சம் மெதுவா. இன்னொரு தடவை சொல்லுங்க.”

நிருபன் சொன்னான். அவர் ஒரு சின்ன நோட்டில் நிதானமாக எழுதிக்கொண்டார். மார்க் போடுகிறார் என்று நிருபன் நோட்டை எட்டிப் பார்க்க முயன்றான்.

“சரி. ஒரு ஆள் கடல்ல விழுந்துட்டான்.”

“அவன் விழுந்த பக்கமே சுக்கானைத் திருப்பணும் சார். அப்பதான் கப்பலோட பின்பக்கம் அவனை விட்டு விலகும், ப்ரொப்பெல்லர்ல மாட்ட மாட்டான். லைஃப்பாய் மிதவையை வீசணும். ஒருத்தன் கண்ணை எடுக்காம அவனையே கை காட்டிக்கிட்டு நிக்கணும். கேப்டனைக் கூப்பிடணும்.”

“ஹாரன்?”

“நீளமா மூணு, சார்.”

“மூணா?” அவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

“மூணுதான் சார். நிச்சயமா.”

அவர் நோட்டில் எதையோ அடித்துவிட்டுத் திருத்தி எழுதினார். போச்சு, ஒரு மார்க் கழித்துவிட்டார் என்று நிருபன் நினைத்துக்கொண்டான்.

“கப்பலைக் கரையில கட்டியிருக்கிற கயிறு இறுகி முனகுது. மொதல்ல என்ன செய்வீங்க?”

நிருபன் புத்தகத்தில் படித்த பதிலில் பாதியைச் சொல்லிவிட்டு நின்றான். மீதி வரவில்லை.

அவர் முதல் முறையாகச் சிரித்தார். “மொதல்ல ஆளுங்களைத் தள்ளி நிக்கச் சொல்லணும், தம்பி. அறுந்தா காலை எடுத்துட்டுப் போயிடும். என் கண்ணு முன்னாலயே ஒருத்தனுக்கு நடந்திருக்கு.” கயிற்றைப் பிடிப்பதுபோல் அவர் விரித்துக் காட்டிய கைகள் மரப்பட்டை மாதிரி காய்த்திருந்தன.

முப்பது வருஷமாவது கடலில் இருந்தவர். இவரிடமா இப்படித் திணறினோம்? நிருபனால் அடக்க முடியவில்லை.

“சார்... நான் தேறுவேனா?”

“உங்களுக்கென்ன தம்பி! கண்ணை மூடிக்கிட்டுத் தேறுவீங்க.”

நிருபனுக்குக் காது வரை சூடேறியது. அவர் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்த நேரத்தில், கைப்பேசியைத் தொடைக்கருகே மறைத்து வைத்து அம்மாவுக்குச் செய்தி அனுப்பினான்: ‘வேலை கிடைச்சிடுச்சு.’

அடுத்த நொடியே அம்மா யோகம்மாவின் பதில் வந்தது: ‘பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கக் கிளம்பிட்டேன். சித்தப்பாகிட்டயும் சொல்லிட்டேன்.’

உள்கதவு திறந்தது. அலுவலகப் பெண் ஷஹீரா கையிலிருந்த பட்டியலைப் பார்த்தாள். “நெக்ஸ்ட், மிஸ்டர் சோமசுந்தரம்! கேப்டன் நூருல் இஸ் வெயிட்டிங்.”

நிருபன் சுற்றிப் பார்த்தான். அறையில் அவர்கள் இருவரைத் தவிர யாரும் இல்லை.

அவர் அவசரமாக எழுந்து, நோட்டைச் சட்டைப் பையில் செருகி, டையை இழுத்துச் சரிசெய்தார்.

“வேண்டிக்குங்க தம்பி, எனக்கு இந்த டெஸ்டு அஞ்சாவது தடவை.”