இனிமேல் விழாது!

"இன்னாத்தம்மா படிச்சே நீ? இன்னிக்கும் சர்வரு படுத்துடுச்சு!"

மேனேஜர் துளசிராமன் போட்ட சத்தத்தில் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையே திரும்பிப் பார்த்திருக்கும். எதிரே தலைகுனிந்து நின்றாள் முபீனா. அந்தத் தொழிற்சாலையின் கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் அவள்தான் பொறுப்பு. மேஜைமேல் ஸ்பீக்கர் போனில், சென்னையிலிருந்து முதலாளி.

"துளசிராமன், வந்திருக்கிற எக்ஸ்பர்ட் இன்னைக்குள்ள காரணத்தைக் கண்டுபிடிக்கணும். இல்லேன்னா அந்தப் பொண்ணுக்குக் கணக்கை முடிச்சு அனுப்பிடுங்க."

எக்ஸ்பர்ட் எழிலரசன் சிரித்தான். லினக்ஸ் சர்வர் என்றால் அவனுக்குத் தண்ணி பட்ட பாடு.

"நான் தொட்டுத் தோத்த மெஷின் கிடையாது சார்," என்றான் போனைப் பார்த்து.

சர்வர் அறைக்குள் போனதும் முபீனாவை விசாரித்தான்.

"ஒரே பெட்டி. உள்ளே நாலு விர்ச்சுவல் சர்வர். ஒரே வீட்டுல நாலு குடித்தனம் மாதிரி. அக்கவுண்ட்ஸ், ஸ்டோர்ஸ், மெயில் மூணும் கல்லு மாதிரி நிக்குது. அட்டெண்டன்ஸ் மட்டும் ஏன் விழுது? எப்ப விழுது?"

"காலையில சார். எல்லா நாளும் இல்ல."

"பின்னே?"

முபீனா தயங்கினாள். "ரயில் லேட்டான நாள்ல."

எழிலரசனுக்குப் பொறி தட்டியது. ஒரு ரயில் லேட்டானால் பின்னால் வருகிற ரயிலும் சேர்ந்து வந்து கூட்டத்தைக் கொட்டும். அத்தனை பேரும் ஒரே நேரத்தில் விரல் வைத்தால் சர்வர் மூச்சு முட்டி விழாமல் என்ன செய்யும்? சர்வரின் லாக் பதிவுகளைத் திறந்து பார்த்தான். நினைத்தது சரிதான். மற்ற மூன்றுக்கும் மெமரி தாராளம். இதற்கு மட்டும் யாரோ கிள்ளிக் கொடுத்திருந்தார்கள்.

"பெட்டியில மெமரி சும்மா கெடக்கு. இதுக்கு மட்டும் ஏன் இவ்வளவு கஞ்சத்தனம்? யார் செட் பண்ணது?"

"நான்தான் சார்."

"இதெல்லாம் ஆனா ஆவன்னாங்க!"

"சார்... காரணம் தெரியலைன்னு சொல்லிட்டுப் போயிடுங்களேன்."

"உங்க வேலை போயிடுமே?"

"போனாப் போகட்டும் சார்."

எழிலரசனுக்கு எரிச்சலாக வந்தது. தப்பை மறைப்பதற்காக வேலையையே விடத் தயாராக இருக்கும் ஆளை இப்போதுதான் பார்க்கிறான். மெமரியை நாலு மடங்காக்கினான். மறுபடி இவள் எதையாவது நோண்டி வைக்கப்போகிறாள் என்று பாஸ்வேர்டையும் மாற்றினான்.

"முடிஞ்சுது சார். இனிமேல் விழாது," என்றான் துளசிராமனிடம்.

"விழவே விழாதா?"

"நான் கேரண்டி."

துளசிராமன் கைகூடக் குலுக்கவில்லை. திட்டுவதற்குக் காரணம் இல்லாமல் போன வருத்தமாக்கும் என்று எழிலரசன் நினைத்துக்கொண்டான்.

மறுநாள் காலை, தன் வெற்றியைக் கண்ணால் பார்க்க எலக்ட்ரிக் ட்ரெயின் ஏறினான். ஏதோ எக்ஸ்பிரஸுக்கு வழிவிட்டு, பொன்னேரியில் நின்ற ரயில் நின்றுகொண்டே இருந்தது. பெட்டியில் எல்லோரும் ரயில்வேயைத் திட்ட, அவனுக்கு மட்டும் ஏக சந்தோஷம். இதைவிட நல்ல சோதனை கிடைக்குமா?

தொழிற்சாலை வாசலில் கூட்டம் முண்டியடித்தது. விரல்மேல் விரலாக வைத்தார்கள். சர்வர் அசையவில்லை. ஒவ்வொரு விரலுக்கும் ஒரு சிவப்பு விளக்கு மட்டும் பளிச்சென்று எரிந்தது.

"என்னம்மா சிவப்பு விளக்கு?" என்று பக்கத்தில் நின்ற பாக்கிங் பிரிவு கெங்கம்மாளைக் கேட்டான்.

"லேட்டுன்னு அர்த்தம் நைனா. அரை நாள் டப்பு பூட்ச்சு. ரயிலு நின்னுக்கினா நாங்க இன்னா பண்றது? மொதலாளி போட்ட ரூலு." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "மிஷினு படுத்துக்கினா அன்னிக்கு எல்லாருக்கும் முழு நாளு. எவனோ மெட்ராஸ்லேர்ந்து வந்து ரிப்பேரு பண்ட்டானாம். நல்லா இருப்பானா அவன்?"

எழிலரசனுக்கு முகம் செத்துப்போயிற்று. இந்தக் கூட்டத்துக்காகவா அந்தப் பெண் அத்தனை திட்டையும் வாங்கிக்கொண்டு நின்றாள்? அவளிடமா ஆனா ஆவன்னா பேசினோம்? முதலில் அந்த மெமரியைக் குறைக்க வேண்டும். ஓட்டமாகப் போய் சர்வர் அறைக் கதவைத் திறந்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

கீபோர்டு முன்னால் உட்கார்ந்து ஒற்றை விரலால் தட்டிக்கொண்டிருந்தவர் துளசிராமன். பின்னால் முபீனா.

"இந்த பாஸ்வேர்டும் இல்லியேம்மா! நாம ரெண்டு பேரும் பார்த்துப் பார்த்து செட் பண்ணி வச்சதை ஒரே நாள்ல கெடுத்துட்டுப் பூட்டானே! மொதலாளி காதுல வுழணும்னு உன்னை நான் அத்தினி திட்டு திட்னதும் வேஸ்ட்டு!"

"நகருங்க சார்," என்றான் எழிலரசன்.

இருவரும் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். அவன் உட்கார்ந்தான். பழைய அளவுக்கு மெமரியைக் குறைத்து, சர்வரை மறுபடி கிளப்பிவிட்டான். சற்று நேரத்தில் வாசல் பக்கம் ஒரே ஆரவாரம்.

"மிஷினு படுத்துக்கிச்சுடோய்!"

எழிலரசன் முதலாளிக்கு போன் போட்டான்.

"சார், நான் தோத்துட்டேன். முபீனா மேல தப்பே இல்ல. இந்தப் பெட்டி தாங்காது. புதுசா வாங்கினாத்தான் நிக்கும். நாலு லட்சம் ஆகும்."

மறுமுனையில் கால்குலேட்டர் தட்டும் சத்தம் கேட்டது.

"அது பாட்டுக்கு விழட்டும்யா," என்றார் முதலாளி.