மூலை இல்லாத பெட்டி

"கிட்டார் ஸ்பீக்கர் பெட்டியாண்ணே இது, முட்டையா?" இசைக்கருவிக் கடைக்காரர் அதை ஒரு கையால் தூக்கிச் சிரித்தார். "பஞ்சு மாதிரி இருக்கு. பத்து செஞ்சு குடுங்க."

"பொண்ணு தூக்கிப் பார்த்து சரின்னு சொல்லட்டும்" என்றார் தச்சர், பெட்டியை வாங்கி மறுபடி உப்புத்தாளால் தேய்த்தபடி.

கடைக்காரரை வழியனுப்ப தச்சரின் மனைவி வாசலுக்கு வந்தாள்.

"மூலையே இல்லாம வளைச்சிருக்காரேக்கா! சத்தம் உள்ள எங்கயும் முட்டாது. கெட்டிக்காரர்தான்."

"சத்தத்துக்காக இல்ல தம்பி. முதல்ல செஞ்சது சதுரப் பெட்டி, பிணக்கனம். அதைத் தூக்கிட்டு மாடிப்படி இறங்கறப்ப பொண்ணு தவறி விழுந்தா. பின்னாலயே உருண்டு வந்த பெட்டியோட மூலை அவ நெத்தியில... அன்னிக்கே போயிட்டா."



உள்ளே உப்புத்தாள் ஓய்ந்தது. "அம்மாடி, இப்பத் தூக்கிப் பாரு!"

அவள்தான் ஓடிப்போய்த் தூக்கினாள். கையில் எதுவும் இருப்பதாகவே தெரியவில்லை. சரியென்று சொல்லிவிட்டால் நாளைக்கு இந்த மனிதர் எதற்காகக் கண் விழிப்பார்?

மகளைப் போலவே குரலை இழுத்துச் சொன்னாள்.

"இன்னும் கொஞ்சம் கனமா இருக்குப்பா."