ஷூவைக் கழற்றச் சொன்னார்கள்

"ஷூவைக் கழட்டுங்க" என்று சைக்கிள் கடைக்காரர் மறுபடியும் சொன்னதும் பிச்சுமணிக்கு முகம் வெளிறிவிட்டது.

"சாக்ஸ்ல ஓட்டை" என்று மனைவியின் காதில் முணுமுணுத்தான்.

"இருந்தா இருந்துட்டுப் போறது. வலி போனாப் போறும்" என்றாள் ஸ்வர்ணா.

சான் ஹோசேயில் ஆபீஸ் போகிறவனெல்லாம் வளைந்த ஹேண்டில்பாரைப் பிடித்துக் குனிந்துகொண்டு கிளம்பிய எண்பத்தைந்தாம் வருஷம் அது. பிச்சுமணியும் சும்மா இருக்காமல், யாரோ பழைய சாமான்களை வீட்டு வாசலில் போட்டு விற்ற கராஜ் சேலில் அந்த மாதிரி ஒரு சைக்கிளை வாங்கிவிட்டான். ஒரே மாதத்தில் முதுகும் இடது முழங்காலும் 'ஐயோ அம்மா' என்றன. ஸ்வர்ணாதான் சைக்கிளையும் அவனையும் காரில் ஏற்றி, டிரைவ் பண்ணி இங்கே கொண்டுவந்தாள்.

"முதுகுவலி ஏன்னு தெரியுது" என்றார் கடைக்காரர். "ஃபிரேம் உங்களுக்குப் பெரிசு. மேல் குழாய் நீளமா இருக்கு, ஹேண்டில்பாரை எட்டிப் பிடிக்கறதுக்குள்ள முதுகு போயிடும். ஆனா ஒரு முழங்கால் மட்டும் ஏன் வலிக்கணும்? ரெண்டு காலையும் தனித்தனியா அளந்து பார்த்துடலாம்."

சாக்ஸில் ஓட்டையாவது ஒன்றாவது! பிச்சுமணியின் இடது கால் வலது காலைவிட அரை அங்குலம் குட்டை. ஷூவுக்குள் ஒரு தக்கை, வீட்டுச் செருப்புக்குள் ஒரு தக்கை என்று கல்யாணமான நாளிலிருந்து ஸ்வர்ணாவுக்குத் தெரியாமல் ஒப்பேற்றிக்கொண்டிருந்தான்.

ஸ்வர்ணாவைப் பெண் பார்க்கப் போன வீட்டில் வாசலிலேயே செருப்பைக் கழற்ற வேண்டியதாகிவிட்டது. வெறுங்காலோடு அவன் பூனை மாதிரி நடந்து வந்ததைப் பார்த்து, "பையன் என்ன அடக்கம்!" என்று பெண்ணின் மாமா சர்டிபிகேட் கொடுத்துவிட்டார்.

இங்கே கோயிலுக்குப் போனாலும் அதே அடக்கம்தான். அடிமேல் அடி வைத்துத்தான் சந்நிதியைச் சுற்றுவான். ஸ்வர்ணா அவனுக்கு இடது பக்கமாக ஒட்டி வந்து கையைக் கோத்துக்கொள்வாள். அமெரிக்கா வந்ததும் இவளுக்குக் கூச்சம் விட்டுப்போயிற்று என்று அவன் உள்ளூரப் பூரித்துப்போவான்.

போன சனிக்கிழமை நண்பன் ஜம்புநாதன் வீட்டில், ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுபோய்ச் சாப்பிட்ட பாட்லக்கில், கிரீன் கார்டு இருப்பதாகப் புளுகிக் கல்யாணம் செய்துகொண்ட ஒரு மாப்பிள்ளையின் கதை அடிபட்டது. "இவனெல்லாம் மனுஷனா?" என்று எல்லாரையும்விட உரக்கக் கத்தியவன் பிச்சுமணிதான். ஸ்வர்ணா மட்டும் வாயே திறக்கவில்லை. தான் கத்தியதை இப்போது நினைத்தால் அவனுக்கு உடம்பெல்லாம் கூசியது. இன்று உண்மை தெரிந்துவிட்டால், இனிமேல் தான் சொல்லும் எதைத்தான் அவள் நம்புவாள்?

கடைக்காரர் டேப்போடு மண்டி போட்டு உட்கார்ந்தார். பிச்சுமணி குனிந்தான். லேஸைத் தப்பான பக்கம் இழுத்ததில் முடிச்சு இன்னும் இறுகியது.

"ஒரு நிமிஷம்" என்று ஸ்வர்ணாவை டயர்கள் தொங்கிய மூலைக்கு இழுத்துக்கொண்டு போனான்.

"ஸ்வர்ணா, சாக்ஸ்ல ஓட்டை எல்லாம் இல்லை. நான் உன்னை ஏமாத்தித்தான் கல்யாணம் பண்ணிண்டேன்."

அவள் அவனையே பார்த்தாள்.

"அந்த கிரீன் கார்டுக்காரனுக்கும் எனக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. சொல்லிடணும், சொல்லிடணும்னு பாக்கறேன், தைரியமே வரலை. என்னோட இடது கால்..."

அதற்குமேல் வரவில்லை. அவமானத்தில் அவளை நிமிர்ந்து பார்க்க முடியாமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

ஸ்வர்ணா புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, அங்கேயே குனிந்து அவனுடைய இடது ஷூவின் முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தாள். பிச்சுமணி கண்ணை மூடிக்கொண்டான்.

"அரை இன்ச்தானே? அக்னியைச் சுத்தி வெறுங்காலோட வரச்சே உங்க கையைப் பிடிச்சிண்டு நடந்தவ நான்தானே!"